ஆவி பிடிப்போர் கவனத்துக்கு: அலுவலக வேப் விதி எழுதும் முறை

நீங்கள் ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடம், எட்டாவது மாடி. ஆண்கள் கழிப்பறையில் தினமும் பதினோரு மணிக்கு மாம்பழ வாசனை வருகிறது என்று ஹவுஸ்கீப்பிங் அக்கா அட்மினிடம் சொல்ல, அட்மின் அதை மெயிலாக்க, உங்கள் மேலதிகாரி 'பாத்து முடிச்சிடுங்க' என்ற ஒற்றை வரியோடு உங்கள் பக்கம் தள்ளிவிட்டார். ஆக, வேப், அதாவது இ-சிகரெட் பற்றிய அலுவலக விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். கவலைப்படாதீர்கள். இந்த வழிகாட்டியின்படி எழுதினால் விதியும் இருக்கும், மாம்பழ வாசனையும் இருக்கும், உங்கள் வேலையும் இருக்கும்.

முதலில், சட்டத்தைப் படித்துவிடாதீர்கள். படித்தால் எழுத வராது.

ஏற்கெனவே படித்துத் தொலைத்தவர்களுக்காக: தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் பெயர் ரயில் பெட்டிகளைப்போல நீளும்: உற்பத்தி, தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் என்று ஒன்பது காரியங்கள் பெயரிலேயே தடையாகி நிற்கின்றன. இழுப்பது அந்த ஒன்பதில் இல்லை. அதாவது இந்தியாவில் இ-சிகரெட்டைத் தயாரிக்கக் கூடாது, கொண்டுவரக் கூடாது, விற்கக் கூடாது. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை மூன்றாண்டு, ஐந்து லட்சம் வரை போகும். ஆனால் எட்டாவது மாடிக் கழிப்பறையில் நின்று மாம்பழ மூச்சு விடுபவரைப் பற்றி அந்தப் பெயர் வாய் திறப்பதில்லை. வாங்க வழியே இல்லாத ஒரு பொருளை எப்படி உபயோகிக்க வேண்டும் என்று நீங்கள் விதி எழுதப் போகிறீர்கள். இதை உணர்ந்த கணமே பலருக்குக் கை நின்றுவிடுகிறது. அதனால்தான் சொன்னேன், படிக்காதீர்கள்.

அடுத்தது எளிது. தலைமை அலுவலகத்திலிருந்து பி.டி.எஃப். வரவழையுங்கள். கம்பெனி லண்டன் கம்பெனி என்றால் ரொம்ப வசதி. இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் மூடிய பணியிடங்களில் புகைக்கக் கூடாது. ஆனால் வேப் அந்தச் சட்டத்துக்குள் வராது, அது அந்தந்த முதலாளியின் முடிவு. போதாக்குறைக்கு, சிகரெட்டை விட முயல்கிறவரைச் சிகரெட் பிடிப்பவர்களோடு ஒரே மூலையில் நிற்கவைக்காதீர்கள் என்று அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையே 2016-இல் ஆலோசனை சொன்னது. அந்த நாட்டுக்கு அது பொருத்தமான யோசனைதான். ஆகவே உங்களுக்கு வரும் பி.டி.எஃப்.பில், வேப் பழக்கமுள்ள ஊழியர்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்படும் என்று கனிவான ஒரு பத்தி இருக்கும். நீங்கள் 'லண்டன்' வருகிற இடங்களில் 'சென்னை' என்று மாற்றி அப்படியே ஒட்டுங்கள். இந்தியச் சட்டம் கடைக்கோடி வரை துரத்தும் ஒரு சாமானுக்கு உங்கள் நிறுவனம் நாற்காலி போட்டு, நிழற்குடை கட்டித் தருவதாக ஆகிவிடும். யாரும் கவனிக்கப்போவதில்லை. பாலிசியை யாரும் படிப்பதில்லை. கடைசிப் பக்கம் வரை உருட்டி 'ஐ அக்ரீ' அழுத்துவதோடு சரி.

ஒன்றும் எழுதாமலே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அதிலும் வில்லங்கம் உண்டு. இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் உணவு பரிமாறும் வேலையில் இருந்த பெண், மாணவர்கள் கண்ணில் படும்படி இ-சிகரெட் இழுத்தார் என்று விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவர் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டு, தன்னைப் போகவைத்தார்கள் என்று வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனால் அந்தப் பள்ளியின் விதி புகைப்பதை மட்டுமே தடுத்திருந்தது, இ-சிகரெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அவரை நிர்வாகமே வேலையைவிட்டு எடுத்திருந்தால் அந்த ஓட்டை பெரிதாகியிருக்கும். ஆகவே, எழுதுங்கள். ஆனால் அர்த்தம் வராதபடி எழுதுங்கள்.

பலகை விஷயம் கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று அமலுக்கு வந்த விதிகளின்படி, பணியிடம் உள்ளிட்ட பொது இடங்களில் புகைக்கக் கூடாது. அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்று அதில் பெயர் போட வேண்டும். பிடிபட்டவருக்கு இருநூறு ரூபாய் வரை அபராதம். இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு காபியும் பஃப்ஸும்கூட அந்தக் காசுக்கு வராமல் போகலாம். புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதத்துக்கும் அவரே பொறுப்பு. பெயர் யாருடையது என்பதுதான் இங்கே கலை. நோட்டீஸ் பீரியடில் இருக்கும் ஒருவரின் பெயரைப் போடுவது மரபு. அவர் போன பிறகும் பலகை இருக்கும். புகார் சொல்ல வருகிறவர் அவரைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பலகையில் புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண்ணையும், 1800-11-2356, போடலாம் என்று யாராவது ஒரு நல்லவர் சொல்வார். கம்பெனி லோகோவைப் பெரிதாக்கியதில் இடம் போதவில்லை என்று டிசைனர் அதை நீக்கிவிடுவார். இந்த வழிகாட்டியில் வேறு எதையும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, லோகோவைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

பிடிபட்டவர்கள் சொல்லும் பதில்களுக்கு ஓர் இணைப்பு தயாரிப்பது நல்லது. 'இதுல நிகோடினே இல்ல மேடம், வெறும் ஃப்ளேவர்' என்பது முதல் பதில். 2019 சட்டத்தின் வரையறையில் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்; சூடாக்கி ஆவியாக்கி உள்ளிழுக்கத் தரும் கருவி என்றால் அது இ-சிகரெட். இ-ஹூக்காவும் அதற்குள் அடக்கம். மருந்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற சாதனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால் ஆஸ்துமா இன்ஹேலரைப் பிடுங்கிவிடாதீர்கள். அப்படி ஆர்வக்கோளாறில் பிடுங்குகிற செக்யூரிட்டிகள் இருக்கிறார்கள். இரண்டாவது பதில், 'சளி மேடம், ஆவி பிடிச்சிட்டு இருந்தேன்.' சுடுதண்ணீரும் போர்வையும் எங்கே என்று கேளுங்கள்.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். கூரையில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டர், காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதை வைத்துப் புகையை உணர்கிறது. வேப் ஆவியில் இருப்பதும் நுண்துளிகள்தான்: கிளிசரினும் புரோபிலின் கிளைகாலும். சினிமாவில் கனவுப் பாட்டுக்குப் புகைமூட்டம் போடுகிற திரவத்திலும் இவைதான் இருக்கும். ஆகவே கழிப்பறைக் கூரையைப் பார்த்து நேராக ஊதினால் அலாரம் அடிக்க வாய்ப்பு உண்டு. இதை அறிந்தவர்கள் சட்டைக்குள் ஊதுகிறார்கள். இதைவிட அறிவாளிகள் யாரும் வராத இடம் என்று சர்வர் ரூமுக்குள் போகிறார்கள். அங்கேதான் கட்டடத்திலேயே மிக நுட்பமான, காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் டிடெக்டர்களைப் பொருத்தும் வழக்கம். அலாரம் அடித்து எட்டு மாடியும் காலியாகி, எல்லாரும் அசெம்ப்ளி பாயின்ட்டில் கூடி நிற்பார்கள். அங்கே நின்றதும் பாதிப் பேர் சிகரெட் பற்றவைப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள், தலைகளை எண்ணுவது மட்டுமே உங்கள் வேலை.

காற்றோட்டத்தைத் தாமே சரிசெய்ய ஊழியர்கள் முயலக் கூடாது என்று ஒரு வரி தனியாகப் போடுங்கள். நான் மிகைப்படுத்தவில்லை. 2018 ஜூலை 10, ஹாங்காங்கிலிருந்து தாலியன் நகரத்துக்குப் போன ஏர் சைனா விமானம். விமானிகள் அறையில் துணை விமானி வேப் இழுத்தார். வாசனை பயணிகள் பக்கம் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், கேப்டனிடம் சொல்லாமல், காற்றைச் சுற்றவிடும் விசிறியை அணைக்கப் போய், பக்கத்திலிருந்த ஏ.சி. அமைப்பை அணைத்துவிட்டார். அறைக்காற்றின் அழுத்தம் குறைந்தது. 153 பயணிகளின் தலைக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்க, விமானம் சில நிமிடங்களில் பத்தாயிரம் அடி உயரத்துக்கு இறங்கியது. நிலைமையைச் சரிசெய்த பிறகு மறுபடி மேலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வேலையும் போனது, உரிமமும் போனது. பணியிட வேப் வரலாற்றில் இதற்கு மேல் ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் பயிற்சி வகுப்பில் இதை முதல் ஸ்லைடாக வையுங்கள். ஒருவர்கூடத் தூங்க மாட்டார்.

நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் வேப் பிடிபடுவது பெரும்பாலும் வேறு வழியில். பார்வைக்கு அது பென் டிரைவ். வாசலில் சோதனை போடும் செக்யூரிட்டி அண்ணனுக்கு நிகோடின் பற்றி எந்த உத்தரவும் இல்லை; பென் டிரைவைப் பற்றித் தெளிவான உத்தரவு உண்டு. ஆக, பையன் மாட்டுவது தகவல் திருட்டில். இரண்டு நாள் விசாரணைக்குப் பிறகு, 'ஐயோ சார், அது வேப் சார்' என்று அவனே கும்பிட்டு ஒப்புக்கொள்வான். தகவல் பாதுகாப்புக் குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டு, வாழ்த்தாத குறையாக அனுப்பிவைக்கும்.

பிடுங்கியதை எங்கே வைப்பது? இங்கேதான் சர்வ ஜாக்கிரதை. அட்மின் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார்கள். ஆறு மாதத்தில் பதினைந்து இருபது சேர்ந்துவிடும்: மாம்பழம், புதினா, தர்பூசணி. தன் பொறுப்பில் உள்ள இடத்தில் இ-சிகரெட் இருப்பைத் தெரிந்தே சேமிக்க விட்டால், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். இழுத்தவன் எச்சரிக்கைக் கடிதத்தோடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பிடுங்கி வைத்த அட்மினுக்குத்தான் வக்கீல் தேவைப்படுகிறது. 'இழுப்பறை' என்று பெயர் வைத்தது தமிழர்களின் தீர்க்கதரிசனம் என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லவில்லை. குப்பையில் போடலாம் என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு விதி எழுதும்போது, உண்மையில் யாருக்கு என்ன குறை என்று ஒருமுறை விசாரித்துவிடாதீர்கள். விசாரித்தால் சங்கடம். தம் அடிக்கிறவர் லிப்டுக்குக் காத்திருந்து, கீழே போய், டீக்கடையில் நின்று, திரும்ப இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடத்தில்தான் யாருக்கு ஆன்சைட், யாருக்கு என்ன ரேட்டிங் என்பதெல்லாம் பேசி முடிகிறது. புகைக்காதவர்கள் இதைப் பற்றி வருடக்கணக்காகக் குமுறுகிறார்கள்; அதற்கு எந்த விதியும் இல்லை. பெண்கள் அந்த டீக்கடையில் சிகரெட்டோடு நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால், பெண்கள் கழிப்பறையில் ஸ்ட்ராபெரி வாசனை வருவதுண்டு. அதை ஹவுஸ்கீப்பிங் அக்கா புகாராகச் சொல்வதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம். அலுவலகம் கவலைப்படுவது ஊழியர் நுரையீரலைப் பற்றியல்ல, கண்ணில் படுவதைப் பற்றி. விதியையும் அந்த அளவுக்கு எழுதினால் போதும்.

மேலிடத்தில் இருப்பவர் இழுத்தால்? உலகம் முழுக்க ஒரே கதைதான். 2016 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, விமானத்தில் வேப்பைத் தடை செய்யலாமா என்று விவாதித்தது. கலிஃபோர்னியா உறுப்பினர் டங்கன் ஹன்டர் தடையை எதிர்த்துப் பேசும்போதே, கூட்ட அறைக்குள் வேப்பை எடுத்து இழுத்து ஒரு மேகம் விட்டார். அடுத்த மாதமே அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விமானத்தில் வேப் கூடாது என்று அறிவித்தது. உங்கள் டெலிவரி ஹெட்டும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பார். அவரிடம்தான் இந்த விதிக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். போகும்போது கதவைத் தட்டிவிட்டு முப்பது விநாடி பொறுங்கள். உள்ளே நுழைந்ததும் 'ரூம் ஃப்ரெஷ்னர் நல்லா இருக்கு சார்' என்று சொல்லுங்கள். இன்க்ரிமென்ட்டில் தெரியும்.

அவர் சிங்கப்பூர் கிளையன்ட்டைப் பார்க்கப் புறப்படுகிறார் என்றால் மட்டும் இந்த மரியாதையெல்லாம் வேண்டாம், பையைத் திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து பிடியை இன்னும் இறுக்கிவிட்டார்கள். சாங்கி விமான நிலையத்தில் அவர் பதவியை யாரும் கேட்கமாட்டார்கள்.

எதிர்த்திசையில், லண்டன் கிளையன்ட் இங்கே வருகிறார், சட்டைப் பையில் ஒன்று வைத்திருக்கிறார் என்றால் அதற்கும் நடைமுறை உண்டு. அவரிடம் விதியைக் காட்டாதீர்கள். அவர் நாட்டுப் பி.டி.எஃப்.பில் இருந்துதான் அதை எடுத்தீர்கள், தனி இடம் எங்கே என்று கேட்டுவிடுவார். வாசலில் பதிவேட்டில் 'பென் டிரைவ் - 1' என்று எழுதி உள்ளே விடுங்கள். மாலை போகும்போது அதே ஒன்று அவரோடு வெளியே போகிறதா என்று செக்யூரிட்டி அண்ணன் சரிபார்க்க வேண்டும். மேசையில் மறந்துவிட்டுப் போனால், அப்புறம் அது நம் இருப்பு.