கரும்புச் சக்கையில் ஒரு மலை

சீன மலைநீர் ஓவியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கிளம்பும் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. மூடுபனி, மௌனம், முனிவர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். வரலாற்றைப் புரட்டினால், பிள்ளைகளை எதற்கெல்லாம் அதட்டுகிறார்களோ அதையெல்லாம் அந்த மேதைகள் செய்து புகழும் வாங்கியிருப்பார்கள்.

தாங் வம்ச காலத்தில் வாங் மோ என்று ஓர் ஓவியர். குடித்துவிட்டு மையை விசிறி ஊற்றுவார், சிரிப்பார், பாடுவார், கையால் தேய்ப்பார், காலால் மிதிப்பார். கறை விழுந்த விதத்தைப் பார்த்து, இது மலை, இது மேகம் என்று தீர்ப்பெழுதுவார். சோங் காலத்து மீ ஃபூ தூரிகையை மட்டும் நம்பியவரல்ல. கரும்புச் சக்கை, தாமரை விதைக்கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் மையில் தோய்த்தார் என்கிறது ஒரு பழைய குறிப்பு.

விடுமுறையில் மகளையும் மகனையும் கூடத்தில் உட்காரவைத்த ஓர் அப்பாவுக்கு மீ ஃபூவை ரொம்பப் பிடித்துப்போனது. கலையார்வத்தைவிடச் செலவு மிச்சம் என்பதே காரணம். தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியில் சக்கை இலவசம். “மாட்டுக்கா சார்?” என்றார் வண்டிக்காரர். “படம் வரைய” என்ற பதிலுக்குப் பிறகு அவர் பேச்சை வளர்க்கவில்லை.

மற்றச் சாமான்கள்: சார்ட் பேப்பர், கறுப்பு மை, ஸ்பாஞ்சு, பழைய செய்தித்தாள், கிண்ணங்கள். அன்ஹுய் மாகாணத்து ஷுவான் காகிதம் தொட்ட மாத்திரத்தில் மையை உறிஞ்சிப் பரப்பும். சார்ட்டுக்கு அந்தக் குணம் கிடையாது. முதலில் தண்ணீர் தடவி ஈரமாக்க வேண்டும். செய்தித்தாளை மேடுபள்ளமாகக் கிழித்து, வானம் வரவேண்டிய பகுதியை அதனால் மூடினால் கிழிந்த விளிம்புதான் மலைமுகடு. நிறையத் தண்ணீர் கலந்த மையை விளிம்புக்குக் கீழே ஸ்பாஞ்சால் ஒற்றினால் தூரத்து மலை தயார். தாளைச் சற்றுக் கீழே இறக்கி, அடர்த்தியான மையை ஒற்றினால் அடுத்த மலை. அடிவாரங்களை ஒற்றாமல் விட்டுவிட வேண்டும். பனி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில், மையில் தோய்த்த சக்கையை ஓர் இழுப்பு இழுத்தால் நார் நாராகக் கோடு விழும். பாறை வெடிப்பு!

மகளுக்கு அழகாக வந்தது. சின்னவன் மலையைவிடப் பெரிதாகத் தன்னையே வரைந்து வைத்திருந்தான்.

அப்பா செல்பேசியில் ஃபான் குவானின் ஓவியத்தைக் காட்டினார். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அது இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். அடிவாரத்தில் போகும் ஆட்களையும் பொதி மிருகங்களையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓவியரின் கையெழுத்தே இலைகளுக்குள் ஒளிந்திருந்து 1958இல்தான் கண்ணில் பட்டது. “பார்த்தியா, மனுஷன் எவ்வளவு சின்னவன்!”

“அவங்க தூரத்துல நிக்கிறாங்க. நான் கிட்ட நிக்கிறேன்” என்றான் பையன்.

மலையைப் பார்க்க மூன்று வகைத் தூரங்கள் உண்டென்று 11ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துச் சொன்னவர் ஓவியர் குவோ ஷி. அந்த மூன்றில் ஒன்றுகூட அப்பாவுக்குக் கைகொடுக்கவில்லை.

பிறகு முத்திரை. உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, பெயரின் முதலெழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, சிவப்பு போஸ்டர் கலரில் தொட்டு ஒரு மூலையில் குத்த வேண்டும். சின்னவன் ஒரு மூலையோடு நிற்கிற ஆளா? மலை, ஆறு, தரை, தன் முழங்கால் என்று குத்திக்கொண்டே போனான்.

அதட்ட வாயெடுத்த அப்பாவுக்குச் சியான்லோங் பேரரசர் நினைவுக்கு வந்தார். ஓவியங்களில் முத்திரை குத்தவும் எழுதிவைக்கவும் அலுக்காத ஆசாமி. ஹுவாங் கோங்வாங் வரைந்த ஃபூச்சுன் மலை ஓவியம் என்று நம்பி 1745இல் ஒரு சுருளை வாங்கினார். காலப்போக்கில் அதில் அவர் எழுதியவை ஐம்பதுக்கும் மேல். மறுவருஷமே அசல் வந்து சேர்ந்தது. அரச வாக்கு பிசகலாமா? அசலைப் போலி என்று அறிவித்துவிட்டார். போலி என்று பெயர் வாங்கியதால், அந்தக் கிறுக்கலிலிருந்து அசல் தப்பித்தது.

கதையை உன்னிப்பாகக் கேட்டவள் மகள்தான். தம்பி கிழங்கோடு தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும், தன் படத்தின் மூலையில் அவசர அவசரமாகப் ‘போலி’ என்று எழுதினாள். அவனுக்கோ இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அந்தச் சொல்லின் மேலேயே நச்சென்று குத்தினான்.