பெரியம்மாவின் கைப்பை: ஓர் அவசரகால ஆய்வு

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் நிறுக்கும் தராசில் ஒரு சனிக்கிழமை காலை என் பெரியம்மாவின் கைப்பையை வைத்து நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ 300 கிராம். கெம்போங் மீன் விலைக்கு எடுத்துக்கொள்ளவா என்று மீன்காரர் கேட்டார். பெரியம்மா பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "மீன் வாங்க வந்த எடத்துல இவன் பைய நிறுக்கிறான் பாருங்க" என்று அவரிடமே முறையிட்டார். கைப்பையியல் என்னும் துறையின் முதல் களப்பணி இதுவே.

ஆய்வு முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரியாக எடுத்துக்கொண்ட பெரியம்மாக்களின் எண்ணிக்கை ஒன்று. ஒன்றுதான் என்பதால் சராசரியில் பிழை வர வழியில்லை. பைக்குள் கைவிட ஆய்வாளனுக்கு அனுமதி கிடையாது. ஆகவே, பெரியம்மா யாருக்காவது எதையாவது எடுத்துக்கொடுக்கப் பையைத் திறந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக் குறித்தவையே இங்கே தரவு. ஏழு மாதக் களப்பணியில் தமக்காக அவர் பையைத் திறந்து நான் பார்த்தது மிக அரிது. இதை ஆய்வின் குறைபாடு என்று முதலில் நினைத்தேன்.

இனிச் சொல்லாராய்ச்சி. வடமொழியில் அவசரம் என்றால் தக்க தருணம், வாய்ப்பு. தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. மலாய்க்காரர்கள் இதில் நேர்மையானவர்கள். பதைபதைப்பைக் குறிக்கும் 'செமாஸ்' என்ற சொல்லிலிருந்து 'கெச்செமாசான்' என்று ஆக்கிக்கொண்டார்கள். பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருக்கும் 'பிந்து கெச்செமாசான்' என்பதை அப்படியே பெயர்த்தால் பதற்றக் கதவு. பெரியம்மாவின் பைக்கும் அப்படி ஒரு கதவு உண்டு. பக்கவாட்டு ஜிப். ஆனால் அது பல வருடமாகத் திறப்பதில்லை.

மலாயாத் தமிழர்களுக்கோ அவசரம் என்பது ஒரு காலத்தில் அரசாங்கமே நாள் குறித்துத் தொடங்கிவைத்த சமாச்சாரம். 1948 ஜூனில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காகப் பிரிட்டிஷார் அவசரகாலத்தைப் பிறப்பித்தார்கள். 12 வயதைத் தாண்டிய எல்லாரும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்த அடையாள அட்டை வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் அந்த ஆண்டில்தான் வந்தது. காட்டில் இருந்தவர்கள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1960 ஜூலை 31-ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. அட்டை முடியவில்லை. 2001-இல் சில்லு பதித்து மைகார்டு ஆனது. வெளியே போகும்போது ஐசி என்னும் இந்த அட்டை கையில் இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் சட்டம். இதிலிருந்து கைப்பையியலின் முதல் விதி பிறக்கிறது: அவசரத்துக்கென்று பைக்குள் போன பொருள், அவசரம் போன பிறகும் வெளியே வராது. பெரியம்மாவின் பையில் மையில்லாத பேனா நான்கும், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஒன்றும் இருப்பது இவ்விதிக்கு அரண்.

நம் முன்னோர் இத்துறையில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. யார் எதைக் கையில் வைத்திருக்கலாம் என்பதற்குத் தொல்காப்பியம் மரபியலிலேயே பட்டியல் உண்டு. அந்தணருக்கு நூல், கரகம், முக்கோல், மணை. முதல் மூன்றும் எவரும் ஊகிக்கக் கூடியவை. நான்காவதைக் கவனிக்க வேண்டும். மணை என்பது உட்காரும் பலகை. போகிற இடத்தில் உட்கார இடம் இருக்காது என்பதை அன்றே ஒருவர் யோசித்திருக்கிறார். பெரியம்மா பலகை சுமப்பதில்லை; எட்டாக மடித்த தமிழ் நேசன் தாள் ஒன்று வைத்திருக்கிறார். 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. பெரியம்மா கோயில் திண்ணையிலும் ஜெட்டி பஸ் நிலையத்திலும் அதன்மேல் இன்னமும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்.

பினாங்கு சுமந்தே பேர் வாங்கிய ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். உலகமெல்லாம் தேடிவந்து தின்னும் நாசி கண்டாரில் 'நாசி' மட்டுமே சோறு. 'கண்டார்' என்பது தோள்மேல் கம்பு வைத்து இரு முனையிலும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. தமிழ் முஸ்லிம்கள் அப்படித்தான் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தெருத்தெருவாக விற்றார்கள். தண்ணீர்மலை முருகனுக்கு எடுக்கும் காவடியும் அடிப்படையில் அதே கம்புதான். சாப்பாட்டுக்கும் சாமிக்கும் ஒரே கருவியைக் கொண்டாடும் ஊர் வேறெங்கும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. கைப்பை என்பது ஒரு முனை இழந்த கண்டார். அதனால்தான் பெரியம்மாவின் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது.

சித்தாந்த நூல்களில் சுபக்கத்துக்கு முன் பரபக்கம் சொல்வது மரபு. எதிர்த்தரப்பார் இருவர். ஒருவன் நானே. இந்த ஆய்வுக்கு முன்பு இணையத்தில் ஒரு உயிர்காக்கும் பெட்டி வாங்கியிருந்தேன். திசைகாட்டி, விசில், டார்ச், தீமூட்டும் கம்பி, அவிழ்த்தால் 3 மீட்டர் நீளும் கயிற்று வளையம். திசைகாட்டியை முதல் நாளே கழற்றிவிட்டேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் எங்கிருந்து நிமிர்ந்தாலும் கொம்தார். இங்கே தொலைந்துபோவதற்குத் தனித் திறமை வேண்டும். கயிற்று வளையத்தைக் கையில் கண்ட பெரியம்மா, "எந்தக் கோயில்ல கட்டுனாங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேல்நாட்டார் இத்தகைய பெட்டிகளில் கத்தியை முதலில் வைப்பார்கள். இங்கே 1958-ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பெரியம்மாவின் அம்மா மடியில் பாக்குவெட்டியோடு ஊரெல்லாம் போய்வந்தார். அவரை யாரும் நிறுத்தியதில்லை.

இன்னொரு எதிர்த்தரப்பார் பெரியப்பா. சட்டைப் பையில் ஐசி, 50 வெள்ளி நோட்டு ஒன்று, சீப்பு. "மத்ததெல்லாம் கடையில இருக்குலா" என்பது அவருடைய முழுத் தத்துவம். இதை மறுக்க நான் தருக்கம் எதுவும் பயன்படுத்தப் போவதில்லை. இத்தத்துவத்தை அவர் கடைப்பிடிக்கும் நேரமெல்லாம் 2 கிலோ 300 கிராம் கைப்பைக்கு இரண்டடி தூரத்தில்தான் நடக்கிறார் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

சற்றே வெளியுலகம். 1991 செப்டம்பரில், ஆஸ்திரிய இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதர் கிடைத்தார். ஏட்சி என்று பேர் வைத்தார்கள். வயது ஏறத்தாழ 5300 ஆண்டு. தமிழ்நாட்டில் இவரைப் போன்ற தயாரிப்போடு வெளியே கிளம்பியவர் சீமந்தத்துக்குப் போகும் சம்பந்தி மட்டுமே. ஏட்சியிடம் இருந்தவை: செம்புக் கோடாலி, கல் கத்தி, மரப்பட்டை டப்பாவில் இலை சுற்றிய நெருப்புக் கங்கு, வாரில் கோத்த மருந்துக் காளான். இத்தனையும் இருந்தும், முதுகுப்பக்கமாக இடது தோளில் பாய்ந்த அம்பு ஒன்று அவர் கதையை முடித்திருக்கிறது. அம்புமுனை உள்ளே இருப்பதே 2001-இல்தான் தெரிந்தது. அம்புக்கு எதிராக அவர் பையில் ஒன்றுமில்லை. வயிற்றுவலிக்காரன் ஒருவன் எதிரே வந்திருந்தால் காளான் அவனுக்கு உதவியிருக்கும்.

செம்புக் கோடாலியிலிருந்து கோடாலித் தைலம் வரையிலான பரிணாமத்தை இங்கே நிறுவலாம். அன்று தூக்கிச் சுமந்த கோடாலி, சுருங்கிச் சுருங்கி, 1928-இல் சிங்கப்பூரில் ஒரு கண்ணாடிக் குப்பியின் லேபிளில் வந்து ஒட்டிக்கொண்டது. இதன் மென்தால் எதையும் குளிரவைப்பதில்லை. தோலில் குளிரை உணரும் நரம்பை மட்டும் தட்டி எழுப்பி ஏமாற்றுகிறது. தலைவலி, வாந்தி, கொசுக்கடி, மயக்கம், பரீட்சை பயம் ஐந்துக்கும் பெரியம்மா இதையே தடவுகிறார். ஆறாவதாக, பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யாரும் உட்காராமல் இருக்கவும் இது உதவுகிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆனால் பினாங்குக் கைப்பையின் உயிர்நாடி தைலமன்று, பிளாஸ்டிக் பை. இதற்கு அரசியல் காரணம் உண்டு. 2009 ஜூலையில் மாநில அரசு திங்கட்கிழமைகளில் கடைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆயிற்று. 2011 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா நாளும். வேண்டுமென்றால் 20 காசு கொடுக்க வேண்டியிருந்தது. சுற்றுச்சூழலைக் காக்க எடுத்த நடவடிக்கை அது. ஆனால் 20 காசு விலை வைத்த மறுகணமே குப்பை சொத்தாகிவிட்டது. அதுவரை சுருட்டி எறிந்த பையைப் பெரியம்மா அன்றிலிருந்து மேசைமேல் விரித்து, காற்றைத் தடவி வெளியேற்றி, நீளவாக்கில் நான்காக மடித்து, அடியிலிருந்து சமோசா மடிப்பதுபோல மூலைக்கு மூலை திருப்பி, கடைசி நுனியைப் பக்கவாட்டில் செருகி, சின்ன முக்கோணமாக்குகிறார். ஒரு முக்கோணம் கட்டைவிரலளவு. பையின் அடியில் இப்படி இருபதாவது கிடக்கும்.

இவற்றின் பயன்கள் சொல்லி மாளாது. தைப்பூசத்தன்று 513 படி ஏறுமுன் குடும்பத்துச் சிலிப்பர்களையெல்லாம் போட்டுத் தூக்க ஒன்று. மழைக்குத் தலையில் மாட்ட ஒன்று. கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நனையாமல் நடக்கலாம் என்பார்கள். இரண்டு கடைக்கு ஒரு கடையில் மோட்டார் சைக்கிளோ பூந்தொட்டியோ வழியை மறிக்கும், இறங்கித்தான் ஆகவேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய வடையைத் தபாவ் பண்ண ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைவளைவுகளில் பின்ஸீட்டுக் குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்தும்போது உதவ ஒன்று. அந்த மௌனத்தைப் பெரியம்மா முன்ஸீட்டிலிருந்தே அறிவார். முக்கோணம் அவிழ்ந்து விரிந்து குழந்தையின் வாய்க்குக் கீழே போய்ச் சேர மூன்று வினாடிக்கு மேல் ஆனதில்லை. குழந்தை யாருடையது என்பது பிறகு விசாரிக்கப்படும்.

உண்மையான பேரிடர் இந்தப் பைக்குள் அடங்காது என்பதையும் மறைக்கக் கூடாது. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் மாநிலமே வெள்ளத்தில் கிடந்தது. ஏழு பேர் இறந்துபோனார்கள். அன்றிரவு பெரியம்மா கைப்பையை அலமாரிமேல் ஏற்றிவிட்டு, பிறப்புப் பத்திரங்கள் இருந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் யார் யாரோ பொட்டலச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றின் பைகளையும் கழுவிக் காயவைத்து மடித்திருக்கிறார்.

ஊக்குக்கு வருகிறேன். 1849-இல் நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் என்பவருக்கு 15 டாலர் கடன். அடைக்க வழி தெரியாமல் கம்பியைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்ததில் ஊக்கு வந்தது. உரிமையை 400 டாலருக்கு விற்றுக் கடனைத் தீர்த்தார். அதில் வந்த பெருலாபம் வாங்கியவர்களுக்கே போயிற்று. கைப்பையியலின் இரண்டாம் விதியை இந்த வாழ்க்கை அப்படியே காட்டுகிறது: கையில் இருக்கும் பொருள் அடுத்தவன் அவசரத்துக்கே உதவும், தன் அவசரத்துக்கான பொருள் எப்போதும் அடுத்தவன் கையில் இருக்கும். நேர்ச்சான்று ஒன்றோடு நிறுத்துகிறேன்.

போன மாதம் ஜெட்டி பஸ் நிலையத்தில் நின்றிருந்தோம். ஃபெரியிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒரு பையனுக்குச் சிலிப்பர் வார் பிய்ந்துவிட்டது. "இங்க வாய்யா" என்று கூப்பிட்டு, சிலிப்பரை வாங்கித் தமிழ் நேசன்மேல் கவிழ்த்து வைத்தார் பெரியம்மா. வாரின் குமிழைப் பழைய ஓட்டை வழியே இழுத்து, அடிப்பக்கம் அதன் கழுத்தில் ஊக்கைக் குறுக்காகக் குத்திப் பூட்டினார். "ஒரு மாசம் தாங்கும். தண்ணியில போட்டுட்டு நடக்காத, துரு ஏறும்." அதுதான் கடைசி ஊக்கு. சற்று முன்னர்தான் தலைசுற்றல் என்ற ஒரு மலாய் மாக்சிக்கிடம் தைலக் குப்பி போயிருந்தது. அந்த அம்மா குப்பியோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் பஸ் கிளம்பிக் கொம்தார் தாண்டியதும் பெரியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பைக்குள் கைவிட்டு அடிவரை துழாவினார். முக்கோணங்கள் சரசரத்தன. பிறகு முன்ஸீட்டில் இருந்த சீனக் கிழவியின் தோளைத் தொட்டு, "ஆன்ட்டி, மின்யாக் அடா?" என்று மலாயில் தைலம் கேட்டார். கிழவி ஒன்றும் பேசாமல் மடியிலிருந்த பையைத் திறந்தார். அதே கோடாலிக் குப்பி. அதன்கீழே அதே சமோசா முக்கோணங்கள், நிறம்வாரியாகப் பிரித்து. பெரியம்மா தைலத்தை வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டே, இந்த ஏழு மாதமும் நான் எட்டிப் பார்த்த அதே மாதிரி, அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சாவி வளையத்தில் பத்துப் பதினைந்து ஊக்குகள் கோத்துத் தொங்கின.

"பின்னு ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.