பத்து நாள் ஆச்சு

'ஜலகண்டாபுரத்தில் தறி நின்று பத்து நாள் ஆயிற்று' என்று இருந்த வரியை, மெய்ப்புத் திருத்துகிற ஒரு புண்ணியவான் 'பத்து நாட்கள் ஆகிவிட்டது' என்று சிவப்பு மையில் சீர்செய்து அனுப்பியிருக்கிறார். கோபம் இன்னும் ஆறவில்லை. நாளுக்குக் கள் ஊற்றிப் பன்மையாக்கியவர், வினையை ஒருமையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுச் சீவாமல் பள்ளிக்கூடம் அனுப்பிய மாதிரி. இவர் ஒருவர் என்றால் மன்னித்துவிடலாம். வெள்ளிவிழா ஃப்ளெக்ஸ் எல்லாம் '25 ஆண்டுகள் நிறைவடைந்தது'. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் 'மூன்று வருடங்கள் ஆகிறது'.

ஜலகண்டாபுரம் பஸ் ஸ்டாண்டில் எடப்பாடி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் 'போயி பத்து நிமிசம் ஆச்சுங்க' என்றுதான் பதில் வரும். தறிக்காரர் 'பாவு பிணைச்சு நாலு நாள் ஆச்சு' என்பார். நிமிஷத்துக்கும் கள் இல்லை, நாளுக்கும் கள் இல்லை. 'ஆச்சு'வுக்குப் பேச்சில் பன்மையே கிடையாது. பேச்சு வேறு, எழுத்து வேறு என்பார் மெய்ப்புக்காரர். சரி, எழுத்துக்கே வருவோம். மேட்டூர் அணை நிரம்பும் ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் 'நீர்மட்டம் 120 அடியை எட்டியது' என்றுதான் போடுகின்றன. '120 அடிகளை எட்டின' என்று எந்தச் சிவப்பு மையும் திருத்தியதில்லை. ஐந்து கிலோ அரிசி, மூன்று முழம் பூ, நூறு ரூபாய் எல்லாம் தப்பித்துவிட்டன. காலத்திலேயே பாருங்கள்: மணி தப்பித்துவிட்டது. 'பத்து மணிகள் ஆகிவிட்டன' என்று எழுதினால் படிப்பவர் கோயில் மணியைத் தேடிப் போவார் என்பது அவருக்கே தெரியும். நாளும் மாதமும் வருஷமும்தான் அவர் கையில் அகப்பட்டுக்கொண்டன.

இலக்கணம் தெரிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். அது மெய்ப்புக்காரருடையதைவிடக் கனமானது. அஃறிணைப் பெயருக்குக் கள் கட்டாயமில்லை என்பது தொல்காப்பியக் காலத்துச் சங்கதி. பவணந்தியும் நன்னூலில் அத்தகைய பெயர்களை ஒருமைக்கும் பன்மைக்கும் பொது என்கிறார். ஆனால் வினை காட்டிக்கொடுக்க வேண்டுமே. மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. அப்படியானால் 'பத்து நாள் ஆயின' என்றல்லவா வரவேண்டும்? வரவேண்டியதில்லை. பால் தயிர் ஆயிற்று என்றால் ஆனது பால், தயிர் அல்ல. தறி நின்று பத்து நாள் ஆயிற்று என்றால், நின்ற காலம் பத்து நாளாக ஆயிற்று. நாள் அங்கே எழுவாயே இல்லை. எழுவாய் வெளியே தலைகாட்டாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு வேடிக்கை: 'சேலை நெய்து முடிக்க மூன்று நாள் ஆகும்' என்று எழுதினால் யாரும் வாய் திறப்பதில்லை. 'ஆகும்' அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே உருவம். ஆக, சேலையை நெய்யப்போகும்போது இல்லாத சண்டை, நெய்து முடித்த பிறகு வந்துவிடுகிறது.

இதற்கு நடுவே நாட்களா நாள்களா என்று உள்வீட்டுச் சண்டை ஒன்று தனியாக ஓடுகிறது. நாட்கள் என்றால் நாள்பட்ட கள், ஆகவே நாள்கள் என்றே எழுது என்பது ஒரு கட்சி. அப்படியானால் நாள்கள் மட்டும் என்ன, அன்றன்றைக்கு இறக்கிய கள்தானே? வாரங்கள் என்றால் வாரக் கணக்கில் புளித்தது. மாதங்கள் அதைவிடக் கடுப்பு. ஆண்டுகள் வரை போனால் அது கள்ளாகவே இருக்காது, காடியாகியிருக்கும். இத்தனை பானையையும் மோந்து பார்க்கிறவர்கள், பானையே எதற்கு என்று ஒருமுறையும் கேட்பதில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது எங்கே? 1937 அக்டோபர் 1, சேலம் ஜில்லா. ஜலகண்டாபுரமும் அதில் அடக்கம், நாமக்கல்லும் அன்றைக்கு அதில் அடக்கம். அடுத்த வருஷம்தான் சித்தூருக்கும் கடப்பைக்கும் போனது. மனுஷனுக்குக் கள்ளை நிறுத்திக் காட்டிய முதல் ஜில்லாவில் நாளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது என்ன நியாயம்?

இங்கிலீஷில் பன்மை கட்டாயமாயிற்றே, அதைப் பார்த்துப் பழகிவிட்டோம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அங்கேயும் அப்படி இல்லை. 'டென் இயர்ஸ் ஈஸ் எ லாங் டைம்' என்று வெள்ளைக்காரன் கூசாமல் சொல்கிறான். ஒரே மொத்தமாக எண்ணும் அளவுக்கு ஒருமை வினைதான் என்று ரென் அண்ட் மார்ட்டின் புத்தகமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவன் இறக்கிவைத்த சுமையை நாம் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டுகள் உருண்டோடின என்று கதைக்காரர் எழுதட்டும். அங்கே ஆண்டுதான் எழுவாய், ஒவ்வொன்றாக உருளுகிறது, பன்மையும் பொருந்துகிறது. கணக்குச் சொல்லும் இடத்தில்தான் அது வேண்டாத வேலை. மெய்ப்புத் திருத்துகிறவர்களே, அடியையும் மணியையும் விட்டுவைத்தீர்கள், நாளையும் விட்டுவிடுங்கள். கை அரிக்கிறது, கள் சேர்த்தே தீருவேன் என்றால், 'ஆகிவிட்டன' வரைக்கும் போய் வேலையை முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள்.