உப்பு மூட்டை துரைமார்

ரிஷிகேஷில் கங்கையின் நுரைக்குள் யாரோ கயாக் ஓட்டும் வீடியோவை நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே ஒரு வரி: ‘நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் வழி உண்டாடா?’

நம்ம ஊர் என்பது வள்ளூர். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. பூண்டியில் ஷட்டரைத் திறந்துவிட்டால் நாலு நாள் ஆவேசமாக வரும், வள்ளூர் அணைக்கட்டில் விழுந்து கொஞ்சம் நுரை காட்டும். மற்ற நாட்களில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் ரிட்டயர்டு தாசில்தார் வாக்கிங் போகிற மாதிரிதான் போகும். சில இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் கரைந்து தண்ணீரே வெளுத்திருக்கும். நுரைத்துப் பாயும் தண்ணீரைக் கயாக்காரர்கள் ‘ஒயிட் வாட்டர்’ என்பார்கள்; எங்கள் ‘ஒயிட் வாட்டர்’ அதுதான்.

ஆனால் நண்பன் கேட்ட கேள்வி வரலாறு தெரியாத கேள்வி. சென்னைப் பட்டணத்தைக் கட்டியவர்களே ஒயிட் வாட்டரில் முங்கி எழுந்து வந்த கூட்டம்தான் சார்! ஹெல்மெட் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை. தலையில் விக், காலில் பட்டுக் காலுறை, வாயில் பிரார்த்தனை.

எல்லாம் ஃபிரான்சிஸ் டே என்கிற மகானுபாவரின் உபயம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இடம் பார்க்க வந்தார். வடக்கே பழவேற்காட்டில் ஏரியும் முகத்துவாரமுமாக நல்ல இடம். அங்கே டச்சுக்காரன் முன்னாடியே துண்டு போட்டுவிட்டான். டே இறங்கி வந்து ஒரு மொட்டை மணலைத் தேர்ந்தெடுத்தார். வளைகுடா கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது, வரிசை கட்டி அலை மட்டும் உண்டு. இங்கே துணி மலிவு என்பது கம்பெனிக்குச் சொன்ன காரணம். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்பது ஊர் சொன்ன காரணம். எது நிஜமோ, துறைமுகமே இல்லாத இடத்தில் ஒரு துறைமுகப் பட்டணம்! ‘ரயில் நிலையத்துக்கு வெகு அருகில்’ என்று மனை விற்கிற எந்தப் புரோக்கரும் இன்றுவரை இந்த ரெக்கார்டை முறியடிக்கவில்லை.

விளைவு? லண்டனிலிருந்து ஆறேழு மாசம் மிதந்து வந்த கப்பல், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். அதற்கு மேல் வராது. மெட்ரோவில் சொகுசாக வந்து இறங்கிவிட்டு வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குத் தவிக்கிறோமே, அதே லாஸ்ட் மைல் பிரச்னை. கப்பலில் இருந்த இங்கிலீஷ் படகை இறக்கினால் அலை அதை அப்பளமாக்கிவிடும்.

அந்த ஷேர் ஆட்டோதான் மசூலா படகு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். தையல் இடுக்கில் தண்ணீர் வரத்தான் செய்யும், இறைக்க ஒரு ஆள் தனியாக உண்டு. துரைக்குத் தைத்த சட்டை தெரியும்; தைத்த படகில் ஏறச் சொன்னால் முகம் எப்படி இருக்கும்?

படகோட்டிகள் பாடிக்கொண்டே வருவார்கள், அவசரமே படமாட்டார்கள். துடுப்பை நிறுத்தி, பின்னால் வரும் அலையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். சரியான அலை வந்ததும் பாட்டு ஒரே கூச்சலாக மாறும், படகு எகிறும். இன்றைய கயாக் கோச்சுகள் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ‘டைமிங், டைமிங்’ என்று சொல்லித்தருவதும் இதுதான். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில்தான் இனாம் பற்றிய பேச்சுவார்த்தையும் தொடங்கும். கூலி இவ்வளவு என்று அரசாங்கம் நிர்ணயித்திருந்தது உண்மை. மீட்டர் கட்டணத்தையும்தான் அரசாங்கம் நிர்ணயித்திருக்கிறது.

மணலில் படகு முட்டியதும் அடுத்த கட்டம். தோளிலோ முதுகிலோ நாற்காலியிலோ துரையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காய்ந்த மணலில் வைப்பார்கள். நம் பாஷையில் உப்பு மூட்டை. பாடப்புத்தகங்களில் ‘வந்திறங்கினார்’ என்று கம்பீரமாக ஒரு சொல் வரும், கவனித்திருப்பீர்கள். அது முழுப் பொய். இறக்கிவிடப்பட்டார்!

அப்படி இறக்கிவிடப்பட்ட ஒரு பதினெட்டு வயசுப் பையன் ராபர்ட் கிளைவ். வருஷம் 1744. வழியில் பிரேசில் பக்கம் கப்பலிலிருந்து கடலில் விழுந்திருக்கிறான். வாளியைக் கயிற்றில் கட்டிப் போட்டு இழுத்திருக்கிறார்கள். உயிர் மிஞ்சியது; தொப்பியும் விக்கும் போச்சு. யோசித்துப் பாருங்கள், அந்த வாளிக் கயிறு மட்டும் கொஞ்சம் இற்றுப்போயிருந்தால் பிளாசி யுத்தம் யாருக்கும் யாருக்கும் நடந்திருக்கும்?

இந்த மசூலா சர்க்கஸுக்குப் பாதுகாப்பாகக் கட்டுமரங்கள் கூடவே வரும். தவறி விழும் கனவான்களைப் பொறுக்கிப் போடுவது கட்டுமரக்காரர்கள் டிபார்ட்மென்ட். உயிரைக் காப்பாற்றியவர்களுக்குக் கம்பெனி மெடல் கொடுத்ததும் உண்டு. கடல் கொந்தளித்து மசூலாவே போக முடியாத நாளிலும் கட்டுமரம் போகும். ஓலைக் குல்லாய்க்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு, அலைக்குள் முங்கி, கப்பல் பக்கத்தில் எழுவார்கள். கடிதம் நனையாது. போன மழையில் என் வீட்டுக்கு வந்த கூரியர் கவரை நான் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டேன்.

கட்டுமரம் என்ற பெயரை இங்கிலீஷ்காரர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் டாம்பியர். தொழில் கடற்கொள்ளை. பார்ட் டைமாக எழுத்தாளர். 1697-ல் வந்த அவர் புத்தகத்தில் ‘கேட்டமரான்’ இருக்கிறது. 1876-ல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் எல்லோரையும் முந்த, ‘இது படகே இல்லை’ என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அந்த ஜாதிப் படகுக்குத்தான் இன்றைக்கு உலகமெங்கும் கேட்டமரான் என்று பெயர். நம் கட்டுமரத்தில் கட்டும் உண்டு, மரமும் உண்டு. அதில் ரெண்டுமே இல்லை!

சரி, அலையோடு மல்லுக்கட்டாமல் அமைதியான தண்ணீரில் போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? பேசில் காக்ரேனுக்குத் தோன்றியது. கப்பற்படைக்குச் சாப்பாடு சப்ளை செய்த கான்ட்ராக்டர். சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-ல் கால்வாய் வந்தது, காக்ரேன் கால்வாய் என்றே பெயர். பிற்பாடு பஞ்ச காலத்தில் நீட்டி, 1878-ல் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை ஒட்டிவிட்டார்கள். வெட்டியவர் ஒருத்தர், போர்டில் பேர் இன்னொருத்தர். ஃபிளை ஓவர் கலாசாரம் அப்போதே உண்டு. காக்ரேன் அதற்கு வெகுகாலம் முன்பே லண்டன் போய் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். சென்னை வெயிலில் பல வருஷம் வெந்த மனுஷர் ஊருக்குப் போய்க் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களை வேக வைத்தார்.

கடைசியில் துறைமுகம் கட்டியே தீருவது என்று முடிவானது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். நண்டுக் கொடுக்கு மாதிரி ரெண்டு கை கடலுக்குள் நீண்டது. 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து, ‘இதென்ன, எனக்கா?’ என்று கேட்டுவிட்டுப் பிய்த்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். கல் சுவர் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்த, மெரினா ஊதிப் பெருத்தது. வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் கரையைத் தின்றது. தெற்கே அவர்களுக்குச் சுண்டலும் காற்றும், வடக்கே எங்களுக்குக் கரை காக்கக் கொட்டிய கருங்கல்.

ராயபுரம் என்றதும் ஞாபகம் வருகிறது. படகுக்காரர்கள் குடியேறிய பேட்டை, பெயர் இராயப்பரால் வந்தது. அதாவது பீட்டர். தண்ணீர்மேல் நடக்கப் போய், பாதியில் பயந்து முங்கினாரே, அவரேதான். மசூலாக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேட்ரன் செயின்ட் கிடைப்பாரா?

இந்தப் பாரம்பரியத்தை எல்லாம் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லித்தான், ஆன்லைனில் வாங்கிய காற்றடிக்கும் கயாக்கோடு எண்ணூர் கழிமுகத்துக்கு மூன்று பேராகப் போனோம். துடுப்பில் எது முன்பக்கம் என்று விவாதம் முடிவதற்குள் ஓதம் வடிய ஆரம்பித்து, கயாக் எங்களை முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போய், ஒரு சுழிப்பில் அழகாகக் கவிழ்ந்தது. தொப்பி போச்சு. கிளைவுக்கும் இப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், தண்ணீர் உள்ளே போனது.

ஃபைபர் படகில் வலையோடு வந்த பெரியவர் எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

“இன்னா நைனா, மூணு பேரா?”

ஆமாம் என்று தலையாட்டினோம். தலை மட்டும்தான் வெளியே இருந்தது.

“கரையாண்ட போயி டீயி, பன்னு, எனக்கு மட்டும் வட ரெண்டு. சர்தானா? சர்னு சொல்லிட்டு ஏறு.”