கூட்டமாக வருவது யார்?

சிங்கம் தனியாக வரும், பன்றிதான் கூட்டமாக வரும் என்கிறார்களே, கூட்டம் சேர்வது கோழைத்தனம்தானே?

காட்டில் நிலவரம் நேர்மாறு. சிங்கம் குடும்பமாக வாழும். தனியாகத் திரிவது வளர்ந்த ஆண் காட்டுப்பன்றி. இணைசேரும் பருவத்தில் மட்டும்தான் அது கூட்டத்தைத் தேடி வரும். அந்தக் கூட்டம் யார்? தாய், மகள், பேத்தி என்று உறவுள்ள பெண்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும். சுமார் 115 நாள் சுமந்தவள், ஈனும் வேளையில் ஒதுங்கிப் போய், புல்லையும் சுள்ளியையும் வாயில் கவ்வி வந்து குவித்துக் கூடு கட்டுவாள். முதுகில் வரியோடிய குட்டிகளுக்குக் கால் திடப்பட்டதும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வாள். அங்கே இன்னொருத்தியின் குட்டி வந்து மடியை முட்டினாலும் பால் கொடுப்பது உண்டு. கோழைகள் இப்படியா கூடி வாழும்?

உயிர் பயத்தில் ஒட்டிக்கொள்கின்றன, ஆபத்து வந்தால் சிதறி ஓடும் என்று நீங்கள் மறுக்கலாம். 2020 ஜனவரியில், செக் நாட்டுக் காடு ஒன்றில் இரண்டு இளம்பன்றிகள் கூண்டுப் பொறியில் சிக்கின. பெரிய பெண்பன்றி ஒன்று பிடரி மயிர் சிலிர்க்க, கதவை அடைத்திருந்த கட்டைகளை மோதி மோதித் தள்ளி இரண்டையும் வெளியேற்றியது. தானியங்கிக் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. உள்ளே இருந்த தீனிக்காகச் செய்திருக்கும் என்பீர்களா? தீனிக்கு வந்த பன்றிக்குப் பிடரி ஏன் சிலிர்க்க வேண்டும்? அது பதற்றத்தின் அடையாளம். பதறிய பிறகும் அது ஓடவில்லை, கட்டையை முட்டியது. கோழைக்கு அந்த வேலை ஆகாது.