மடிப்பு விரியும் விதம்

நீண்டதொரு நிரலை எழுதுகிறவர் தமக்கு அப்போது வேண்டாத பகுதிகளை ஒற்றை வரியாக மடித்து மறைத்து வைக்கும் சௌகரியம், பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரர் 1991-இல் வெளியிட்ட விம் என்னும் எழுத்துச் செயலிக்கு 2001-இல், அதன் ஆறாம் பதிப்பிலேதான் வாய்த்தது. மறைப்பதற்கு வழி பிறந்தவுடனே, மறைத்தது எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் ‘ஃபோல்ட்ஓபன்’ என்றொரு சட்டம் பிறந்துவிட்டது. அதிகாரமுள்ள இடங்களில் இதுதானே சம்பிரதாயம்!

அச்சட்டத்தின் விசேஷத்தை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கு விளக்கக் கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனைக் கைத்தறிக் கடையே போதும். தெருவில் நேரே நடந்துபோகிறவரை முதலாளி ஏறிட்டும் பாரார். ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தீர்களோ, ‘வாங்க தம்பி’ என்ற சொல் முடியுமுன்னே மடித்திருந்த சாரமெல்லாம் விரிந்து கிடக்கும். விம் செயலியும் அவ்வண்ணமே, மேலும் கீழுமாக நகர்கிற சுட்டிக்கு அசைந்து கொடுக்காது. இடமோ வலமோ ஓர் எழுத்து நகர்ந்தால் மரியாதையாகத் திறந்துவிடும். தேடிய சொல் உள்ளே ஒளிந்திருந்தாலும் திறக்கும். ஆனால், பெரிய ‘ஜி’ விசையை அழுத்திக் கோப்பின் கடைசி வரிக்குத் தாவுகிறவருக்குத் திறக்காது. அவ்வளவு அவசரக்காரர் ஒன்றும் வாங்கப் போவதில்லை என்ற அபிப்பிராயம் போலும்.

வாடிக்கையாளர் போனபின் முதலாளி பெருமூச்சுடனாவது மடித்து வைப்பார். விம்மோ, ‘ஃபோல்ட்குளோஸ்’ என்பதற்கு நேரே ‘ஆல்’ என்று எழுதிக் கொடுத்தாலன்றி, விரித்ததை விரித்தபடியே விட்டுவிடும். அனைத்தையும் ஒரேயடியாக மூட ‘இசட்’, பெரிய ‘எம்’ என இரு விசைகள் உண்டு. அவற்றை ஞாபகத்தில் வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் மடிப்பே தேவைப்படாத மகாமேதைகள்.