அவசரம்னா நடந்து போ மாப்ளே

ரிட்டயர் ஆகப் போறியாமே மாப்ளே, அக்கா போன்ல சொல்லுச்சு. அதோட விட்டுச்சா? "தம்பி, இவன் வீட்டுக்கடன் அடைஞ்ச கையோட படகு வாங்கப் போறேங்கிறான், நீதான் நல்ல புத்தி சொல்லணும்"னு ஒரே மூக்குறிஞ்சல். உலகத்துல வேற பெரிய மனுஷனே இல்லாத மாதிரி என்னையா புடிக்கணும்? கோவென்ட்ரி பஸ் டிப்போவுல கடைசி நாள் ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்து அனுப்பினாங்க. அதை மாட்டறதுக்குன்னே படகு வாங்கினவன் நான். இன்னும் அங்கதான் தொங்குது. நின்னு போய் வருஷக் கணக்காச்சு. படகுல அது ஓடித்தான் என்ன ஆவப் போவுது?

இருந்தாலும் அக்கா பேச்சைத் தட்டப்படாது. உக்காரு, சொல்றேன்.

உனக்கு இந்தக் கிறுக்கு எங்க புடிச்சதுன்னு எனக்குத் தெரியும். சேனல் 4-ல 2014-ல ஆரம்பிச்சு ஓடிச்சே, டிமத்தி வெஸ்ட்டும் புரூனெல்லா ஸ்கேல்ஸும் கால்வாய் கால்வாயாப் போற தொடர். வயசான புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் பேர் போன நடிகருங்க, கரையெல்லாம் பச்சை, தண்ணியில வாத்து. அவங்க டிவிக்காக ஏறினவங்க இல்ல, அதுக்கு முன்னாடியே பல காலம் படகுல திரிஞ்சவங்க. அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனா அதைப் பாத்துட்டுக் கெட்ட அறுபது வயசுப் பசங்க எத்தனை பேர் தெரியுமா? டிவியில கேஸட் தூக்குறதைக் காட்டினானா? பாட்டு கேஸட் இல்லடா. வரேன் அதுக்கு.

முதல்ல வேகம். சட்டப்படி மணிக்கு 4 மைல். அது உச்சம். கரையில படகு கட்டியிருந்தா அதைத் தாண்டுற வரைக்கும் இன்னும் மெதுவா ஊரணும். லண்டன்ல பிரென்ட்ஃபோர்டுல ஏறினா கிராண்ட் யூனியன் கால்வாய் வழியா பர்மிங்காம் 137 மைல். நடுவுல 166 லாக், அதான் ரெண்டு பக்கமும் கதவு வச்சுத் தண்ணிய ஏத்தி இறக்கிப் படகை மேல கீழ கொண்டு போற தொட்டி. படகுக்காரங்க கணக்கு ஒண்ணு இருக்கு: ஒரு லாக்கை ஒரு மைலா வச்சுக்க, எல்லாத்தையும் கூட்டி மூணால வகு, மணி வந்துடும். போட்டுப் பாத்தா 101 மணி. நாளைக்கு 7 மணி நேரம் ஓட்டினா ரெண்டு வாரம். யூஸ்டன்ல ரயில் ஏறினா ஒன்றரை மணியில போற ஊரு. கரையோரம் நாயைக் கூட்டிக்கிட்டு வாக்கிங் போற கிழவி உன்னைத் தாண்டிப் போவா. போறவ சும்மா போவாளா, திரும்பிப் பாத்து 'குட் மார்னிங்' வேற சொல்லுவா. தரையில பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியப் பாக்காத ஜனம், தண்ணிய ஒட்டி நடந்தா மட்டும் எல்லாருக்கும் வணக்கம் வைக்கும். காரணம் எனக்கு இன்னும் புடிபடல.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க்குப் போனீன்னா அதைவிட வேடிக்கை. அதுக்குத் தடம் போட்டவரு ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுதப் படிக்க அவ்வளவா வராது, ஆனா மூளை பூரா கணக்கு. கஷ்டமான சிக்கல் வந்தா போய்ப் படுத்துக்குவாராம், விடை கிடைச்சாத்தான் எந்திரிப்பாராம். நம்ம வம்சத்துல பொறந்திருக்க வேண்டிய மனுஷன். முடிஞ்ச வரைக்கும் மேடு வந்தா குடையாம, பள்ளம் வந்தா தூக்காம, மட்டம் எங்க போவுதோ அங்கயே வாய்க்காலைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அதனால உச்சிப் பகுதியில 11 மைல் சுத்துறோம், நேராப் போனா அதுல பாதி கூட இருக்காது. காலையில வலப்பக்கம் பாத்த பண்ணை வீட்டை மத்தியானம் இடப்பக்கம் பாப்ப. உங்க அத்தை கேட்டா, "இன்னைக்கு முழுக்க ஓட்டினீங்களே, இந்த மாட்டைத்தானே காலையிலயும் பாத்தோம்?" மாடுங்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்னேன். அந்தப் பதிலோட மதியச் சோறு தாமதமாச்சு.

அவரு வச்ச அளவுல லாக்குங்க அகலம் 7 அடிதான். அதுல நுழையணும்னா படகு 6 அடி 10 அங்குலம். நீளம் மட்டும் இழுத்தடிச்சு 70 அடி வரைக்கும் போவும். என்னோடது 57. அந்த அளவு இருந்தா நாட்டுல அநேகமா எல்லாக் கால்வாய்லயும் போயிட்டு வரலாம். ஆனா யோசிச்சுக்க: சுவர் போக 6 அடி அகலத்துல 57 அடி நீளம். அதுல படுக்கை, அடுப்பு, கரி போடுற கணப்பு, கழிப்பறை, நீ, உன் வீட்டுக்காரி. ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா ஒருத்தர் மூக்குப் பக்கம், ஒருத்தர் வால் பக்கம். நடுவுல ஒருத்தரை ஒருத்தர் தாண்டணும்னா சமாதானம் ஆகித்தான் தீரணும்.

இதை ஓட்டுறது திருவாரூர்த் தேரைத் திருப்புற மாதிரி. நீ இப்ப செய்யறதுக்கு அது அப்புறமாத்தான் பதில் சொல்லும். சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினா மூக்கு இடப்பக்கம் போவும். முப்பது வருஷம் ஆபீஸ்ல எல்லாத்துக்கும் 'எஸ் சார்' சொல்லிட்டுக் கதவுக்கு வெளியில வேற செஞ்சவனுக்கு இது சுலபமா வரும். உனக்கு நல்லாவே வரும் மாப்ளே.

தண்ணியில விழுந்துடுவோம்னு பயப்படாத. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு ஊர்ல சொல்லுவாங்க, இங்க ஆழம் பல இடத்துல இடுப்பளவுதான். விழுந்தா எந்திரிச்சு நில்லு, போச்சு. மானம்தான் முழுகும், ஏன்னா பாலத்து மேல எப்பவும் நாலு பேர் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பான்.

லாக்குல மட்டும் விளையாடாத. இதைச் சிரிக்காமச் சொல்றேன். கீழ இறங்குறப்ப, பின்னாடி கதவு ஓரமா தண்ணிக்கு அடியில ஒரு கல் படி நீட்டிக்கிட்டிருக்கும். சுவர்ல வெள்ளைக் கோடு போட்டிருப்பான், படகோட வால் அதுக்கு முன்னாலயே நிக்கணும். பேசிக்கிட்டே அசந்துட்டா தண்ணி இறங்க இறங்க வால் அந்தப் படியில மாட்டிக்கும், மூக்கு மட்டும் கீழ போவும். அப்புறம் முழு படகும் உள்ள. கண்ணு கோட்டுல இருக்கணும், வாய் மூடியிருக்கணும். உங்க அத்தையும் நானும் பேசாம இருந்த நேரமெல்லாம் லாக்குல கழிஞ்ச நேரம்தான். ஒரு லாக்கு ஒரு தடவை காலியானா ஒரு லட்சம் லிட்டருக்கு மேல தண்ணி போவுது. கிராண்ட் யூனியன்ல லாக்கு 14 அடி அகலம், ரெண்டு படகு ஜோடியா நிக்கும். அதனால பின்னாடி ஒருத்தன் வரான்னா காத்திருந்து கூடச் சேத்துக்கணும். கடைமடைப் பக்கம் பொறந்தவனுக்குத் தண்ணிக் கணக்கை நான் சொல்லணுமா?

பிளிஸ்வொர்த் சுரங்கம்னு ஒண்ணு இருக்கு, நார்தாம்ப்டன் பக்கம். 1805-ல திறந்தது, நீளம் 2.8 கிலோமீட்டர். உள்ள கும்மிருட்டு, காத்துக் குழாய்க்கு அடியில போறப்ப தலையில சில்லுன்னு ஊத்தும். கரைப் பாதை கிடையாது. இன்ஜின் வரதுக்கு முன்னாடி குதிரைய மலை மேல நடத்திக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு, ஆளுங்க படகு மேல மல்லாக்கப் படுத்துக் காலால சுவரை உதைச்சு உதைச்சே தள்ளினாங்க. அதுக்குன்னு கையில பித்தளைப் பட்டை கட்டின கூலி ஆளுங்க இருந்தாங்க. நாம சொகுசா இன்ஜின்ல போறோம். அப்பவும் அரை மணிக்கு மேல ஆவும். உங்க அத்தை வாசல்லயே சஷ்டி கவசம் ஆரம்பிச்சுடும், வெளிச்சம் தெரியறதுக்குள்ள ரெண்டாவது சுத்து பாதி ஓடியிருக்கும். எதிர்ல ஒரு படகு விளக்கு தெரிஞ்சா குரல் உசரும். ரெண்டு படகு ஒதுங்கிப் போற அகலம் உண்டுன்னு சொன்னா நம்பாது.

லண்டன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற சௌத்தால் பக்கம் ஒருநாள் இன்ஜின் திணறி நின்னுது. ப்ரொப்பல்லர்ல என்னமோ சுத்திக்கிச்சு. பின்பக்கம் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து ஐஸ் தண்ணியில தோள் வரைக்கும் கைய விட்டுத் தடவி எடுக்கணும். தடவுறேன், துணி. இழுக்குறேன், வந்துக்கிட்டே இருக்கு. ஆறு கஜம் வரும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு, நம்ம ஆளுங்க வேலை. மேல நின்ன உங்க அத்தை குனிஞ்சு பாத்துச்சு. என் கை நீலம் பாரிச்சிருக்கே, அதையா பாத்துச்சு? "பார்டர் நல்லாருக்கு, கிழிக்காம எடுங்க"ன்னுச்சு. அந்தப் பக்கம் தேங்காயும் மிதக்கும். எடுத்துத் துவையல் அரைச்சுடாத.

ஓய்வு கிடைக்கும்னு நினைச்சுத்தானே வாங்குற? காலையில எந்திரிச்சதும் கணப்புச் சாம்பலை அள்ளணும். ப்ரொப்பல்லர் தண்டு வழியாத் தண்ணி சொட்டும், கிரீஸ் மூடியத் திருகி அதை நிறுத்தணும். பேட்டரி பாக்கணும், தண்ணித் தொட்டி ரொப்பணும். குழாயோ சொட்டுச் சொட்டா வரும், அதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் படகைக் கரையேத்தி அடியில கறுப்புச் சாயம் பூசணும். நாலு வருஷத்துக்கு ஒருதரம் பாதுகாப்புச் சான்று. சொந்தத் துறை இல்லாதவன் ஒரே இடத்துல 14 நாளைக்கு மேல கட்டக்கூடாது. டீசல் விக்கிறவன் ஒரு கேள்வி கேப்பான்: இதுல எவ்வளவு ஓட்டறதுக்கு, எவ்வளவு குளிர் காயறதுக்கு? வரி வேற வேற. நீயாச் சொல்றதுதான் கணக்கு, ஊரே 60-40ன்னு சொல்லும். வெள்ளைக்காரன் அவ்வளவு நம்பிக்கையா ஒரு பதிலுக்குத் தலையாட்டினதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

இத்தனைக்கும் நடுவுல முக்கியமான தொழில் ஒண்ணு இருக்கு. கட்டின படகுக்குள்ள உக்காந்திருக்கணும். எவனாவது வேகமாத் தாண்டினா படகு ஆடும், டீ தளும்பும். உடனே தலைய வெளியில நீட்டி "மெதுவாப் போய்யா!"ன்னு கத்தணும். வாடகைப் படகுக்காரன்னா ரெண்டு தரம் கத்தலாம். ஆபீஸ்ல உன் பேச்சை எவனும் கேக்கலைன்னு புலம்புவியே, இங்க கேப்பான்.

இப்ப கேஸட். அதுதான் கழிப்பறையோட தொட்டி. ரொம்பினதும் நீயே கழட்டி, நீயே தூக்கி, அதுக்குன்னு இருக்குற இடத்துல நீயே கொட்டணும். வேற வகையும் உண்டு, பெரிய தொட்டி, துறையில காசு குடுத்தா உறிஞ்சி எடுப்பான். எது மேல்ங்கிறதுல நாட்டுல ரெண்டு கட்சி. எந்தப் பப்புலயும் ரெண்டு படகுக்காரன் உக்காந்தா பேச்சு வானிலையில ஆரம்பிச்சு அரை மணிக்குள்ள இதுல வந்து நிக்கும். பக்கத்து மேசையில சாப்புடுறவன் தட்டோட எந்திரிச்சுப் போறதை நான் பாத்திருக்கேன். ஓய்வுபெற்ற நீதிபதியா இருந்தாலும் கேஸட்டைத் தானேதான் தூக்கணும். அந்த ஒரு சமத்துவம் இந்த நாட்டுல எனக்கு ரொம்பப் புடிச்சது.

இதெல்லாம் நம்ம காலத்துக் கிறுக்குன்னு நினைக்காத. எல்.டி.சி. ரோல்ட்னு ஒரு இன்ஜினீயர், 'கிரெஸி'ங்கிற பழைய படகுலயே 1939-ல தேனிலவு போனவரு. 1944-ல அதைப் பத்தி 'நேரோ போட்'னு புத்தகம் எழுதினாரு. சரக்குப் படகு அழிஞ்சுக்கிட்டிருந்த காலம். அதைப் படிச்சுட்டுத் தேடி வந்த ராபர்ட் ஏக்மனும் அவரும் சேந்து 1946-ல சங்கம் வச்சுக் கால்வாயைத் தூர்க்க விடாமச் சண்டை போட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டாங்க. சங்கம்னா அதெல்லாம் இருக்கும், நம்ம ஊர்ச் சங்கத்துல இல்லாததா?

ஆகவே மாப்ளே, அக்கா சொன்னபடி புத்தி சொல்லிட்டேன்: புதுப் படகு வாங்காத. வீண் செலவு. என் படகு பிரான்ஸ்டன் பக்கத்துல ஒரு துறையில சும்மா கட்டிக் கிடக்கு, வாடகை மட்டும் ஓடுது. முட்டி தேஞ்சுபோச்சு, லாக்குக் கதவைத் தள்ளக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு கதவு ஒரு டன்னுக்கு மேல இருக்கும். நீ பாதிப் பங்கு எடுத்துக்க, உன் வயசுக்கு அது ஒரு கனமா? ஏப்ரல்ல கிளம்புறோம். வார்விக் தாண்டினா ஹாட்டன், வரிசையா 21 லாக்கு, படி ஏறுற மாதிரி அடுத்தடுத்து. சுக்கான் எங்கிட்ட இருக்கும். ஷட்டரைத் திருகுற இரும்புக் கைப்பிடியை இப்பவே உங்கிட்ட குடுத்துடறேன், வீட்டுல வச்சுப் பழகு. கேஸட்டைப் பொதுவா வயசுல சின்னவங்கதான் தூக்குறது வழக்கம்.

அக்காகிட்ட, மாமா ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னாருன்னு சொல்லு. வரும்போது நல்ல தடிமனான கையுறை ரெண்டு ஜோடி வாங்கிட்டு வா. காசு உன் பங்குல.